வலிக்காத கழுத்துக்கு அறுவை

பாவூர்சத்திரத்தில் தைராய்டு என்ற பேருக்கு யாரும் பயப்படுவதில்லை. பீடிக்கடையில் சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு, அடுத்த நாளைக்கு இலையும் தூளும் வாங்க நிற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர் ஒருவராவது இருப்பார். உடம்பு போட்டால் தைராய்டு, முடி கொட்டினால் தைராய்டு, மருமகள் சிடுசிடுத்தாலும் தைராய்டு. அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்ட என்னிடம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

இப்படிப் பழகிப்போனதில் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. ‘கழுத்தில் கட்டி இருந்தது, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு’ என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும். எடுத்த கட்டியைப் பரிசோதித்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தைராய்டில் வருகிற புற்றுநோய் பெரும்பாலும் பாப்பிலரி வகை. மெதுவாக வளரும், அறுவையும் தேவைப்பட்டால் கதிர்வீச்சு அயோடினும் கொடுத்தால் பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள், பிள்ளைகளுக்கு இறங்குவதும் அபூர்வம். அந்தக் காகிதத்தில் ‘மெடுல்லரி’ என்ற சொல் இருந்தால் மட்டும் கதை வேறு. தைராய்டுப் புற்றுநோய்களில் இது சில சதவீதம்தான். ஆனால் அதில் ஏறக்குறைய கால்பங்கு பரம்பரையாக வருவது.

அப்படி ஒரு காகிதத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள் ஒரு பெண். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் தைராய்டை முழுதாக எடுத்திருந்தார்கள். ரத்தத்தில் மரபணுச் சோதனையும் செய்திருந்தார்கள். “பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்கணும்ங்காங்க, நர்சக்கா. ஆணுக்கு ஏழு, பொண்ணுக்கு நாலு. ரெண்டும் ஓடியாடி விளையாடுதுக. எதுக்கு எடுக்கணும்?” என்று கேட்டாள். கூட வந்த மாமனார், “எங்க வம்சத்துல இதெல்லாம் கெடையாது” என்று ஒதுங்கி நின்றார்.

வம்சத்தில் இருந்து தொடங்குகிறேன். தைராய்டுக்குள் சி செல்கள் என்று கொஞ்சம் உண்டு. தைராய்டு ஹார்மோனுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, அவை சுரப்பது கால்சிடோனின். மெடுல்லரி புற்று இந்தச் செல்களில் பிறக்கிறது. அயோடினை அவை உறிஞ்சாததால் கதிர்வீச்சு அயோடின் இதற்குப் பயன்படாது, வழக்கமான கீமோவும் பெரிதாகக் கேட்காது. கழுத்து நெறிகளுக்குப் பரவுவதற்கு முன் முழுதாக எடுத்தால்தான் குணம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். பரம்பரை வகைக்குக் காரணம் பத்தாவது குரோமோசோமில் இருக்கும் ‘ரெட்’ என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம். 1993-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாலு பிள்ளை என்றால் இரண்டுக்கு வரும், இரண்டு தப்பும் என்று கணக்குப் போடக்கூடாது. நாலுக்கும் வரலாம், ஒன்றுக்கும் வராமலும் போகலாம்.

சொந்தத்துக்குள் கட்டியதால் வந்த வினை என்று நம் பக்கம் உடனே சொல்லிவிடுவார்கள். பல பரம்பரை நோய்களில் அதில் உண்மை உண்டு, இதில் இல்லை. இந்தப் பெண் அசலில் வாழ்க்கைப்பட்டவள். மாமனாரின் வம்சத்தில் நோய் இல்லாமல் இருக்கலாம், மருமகள் வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கு வர அது தடையில்லை. சிலருக்கு முன்தலைமுறையில் யாருக்குமே இல்லாமல் அவர்களிடமே புதிதாகத் தொடங்கும். அதனால்தான் மெடுல்லரி என்று வந்த எல்லாருக்கும், ‘எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை’ என்றாலும், இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். முதலில் நோயாளிக்குத்தான் எடுக்க வேண்டும். எந்த இடத்தில் மாற்றம் என்று அவரிடம் தெரிந்த பிறகு, பிள்ளைகளிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். நோயாளியை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் அந்த ‘இல்லை’யை நம்ப முடியாது.

பெரியவர்களான பிறகு வரக்கூடிய, இப்போது எதுவும் செய்ய முடியாத நோய்க்குக் குழந்தையின் மரபணுவைச் சோதிக்கக்கூடாது என்பது மருத்துவ அறத்தில் பொதுவாக ஒப்புக்கொண்ட விஷயம். ஹன்டிங்டன் என்ற நரம்பு நோய் அப்படி. வளர்ந்து, தெரிந்துகொள்ள வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும், அந்த உரிமையைத் தாய் தகப்பன் எடுத்துக்கொள்ளக்கூடாது. ரெட் விஷயத்தில் காத்திருந்தால் தீர்மானிக்க வேண்டிய பிள்ளைக்கே நோய் முந்திக்கொள்ளும். அதனால் சோதிக்கலாமா என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

சோதனையால் தப்பிக்கிற பிள்ளைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1993-க்கு முன் வெளிநாடுகளில் இந்தக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஒவ்வொரு வருடமும் பென்டாகாஸ்ட்ரின் என்ற ஊசியைப் போட்டு, கால்சிடோனின் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். போட்டதும் முகம் சிவந்து நெஞ்சை அடைக்கும். அளவு கொஞ்சம் கூடினால் அறுவை. மரபணுச் சோதனை வந்தபின் திரும்பிப் பார்த்தபோது, அப்படித் தைராய்டை இழந்தவர்களில் சிலரிடம் அந்த மாற்றமே இல்லை. என்னிடம் வந்த பெண்ணின் மூத்த பிள்ளைக்கு ‘இல்லை’ என்று வந்தது. அவனுக்கு இனி இதற்காக ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை.

நாலு வயதுப் பெண்ணுக்கு ‘இருக்கிறது’ என்று வந்தது.

மாற்றம் மரபணுவின் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து அவசரம் மாறும். 918-ஆம் இடத்தில் இருந்தால் முதல் பிறந்தநாளுக்குள் தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டி. 634-ஆம் இடம் என்றால் ஐந்து வயதிலோ அதற்கு முன்போ. இந்தப் பிள்ளைக்கு 634. உலகின் முக்கியமான தொகுப்புகளில் ஒன்று 2005-இல் வந்தது. சாமுவேல் வெல்ஸ் என்ற அறுவை மருத்துவரின் குழு மரபணுவை மட்டும் பார்த்து இப்படி அறுவை செய்ததை 1994-இல் வெளியிட்டது. அந்த வழியில் 19 வயது வரையிலான 50 பேருக்குச் செய்து, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கவனித்ததில் 44 பேரிடம் நோயின் சுவடு இல்லை. சின்ன வயதில், நெறியில் பரவும் முன் செய்துகொண்டவர்களின் நிலை மேலும் நன்றாக இருந்தது.

எண்ணாகப் பார்த்தால் குழப்பமே இல்லை. ஆனால் வார்டில் நின்று பார்த்தவளுக்குத் தெரியும், கையெழுத்துப் போடுகிற தகப்பன் எண்ணைப் பார்ப்பதில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தோரணமலை இருக்கிறது. அகத்தியர் ஒரு மன்னனின் மண்டையைத் திறக்க, அவருடைய சீடர் தேரையர் உள்ளிருந்த தேரையை வெளியே குதிக்க வைத்தார் என்று அந்த மலையோடு சேர்த்துச் சொல்லும் கதையை இங்கே எல்லாரும் கேட்டிருப்பார்கள். அந்த மன்னன் தலைவலி தாங்காமல் துடித்தவன், கத்தியைத் தானே கேட்டவன். இந்தப் பிள்ளைக்கு வலியே இல்லை. ஓடி விளையாடுகிற பிள்ளையை நாமே கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும்.

படுக்க வைத்தால் என்னவெல்லாம் ஆகலாம்? தைராய்டுக்குப் பின்னால் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தையிடம் அவை அரிசி மணியைவிடவும் சிறியவை. அவை சேதமானால் கால்சியம் இறங்கி, விரல் மரத்து, கை இழுத்துக்கொள்ளும். பிறகு காலமெல்லாம் கால்சியமும் வைட்டமின் டி-யும். குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒட்டிப் போகிறது, அது பட்டால் குரல் கரகரக்கும். தைராக்சின் மாத்திரை எப்படியும் உயிருள்ள வரை வேண்டும். அதன் விலை குறைவுதான், ஆனால் மூளை வளர்கிற முதல் சில வருடங்களில் அதைத் தவறவிடவே கூடாது. வீட்டில் யார் அந்தப் பொறுப்பை எடுப்பது என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நான் கேட்பேன்.

எங்கே செய்வது என்பதும் அறம் சம்பந்தப்பட்ட கேள்விதான். பெரியவர்களுக்குத் தைராய்டு அறுவை செய்கிறவர்கள் திருநெல்வேலியிலேயே இருக்கிறார்கள். நாலு வயதுக் கழுத்துக்குள் அந்த மணிகளைத் தேடிக் காப்பாற்றுகிற கை வேறு, பழகிய கை. திருநெல்வேலி ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொண்டு சென்னைக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ, செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ போவது எங்கள் பக்கத்து வழக்கம். வேலூர் மருத்துவர்கள் மெடுல்லரி நோயில் தங்கள் 20 வருட அனுபவத்தை 2007-இலேயே தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். ‘இந்த வயதுப் பிள்ளைக்கு இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?’ என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாமனார் கேட்டது இவை எதையும் இல்லை. “பொட்டப்புள்ள கழுத்துல தழும்போட யாரு கட்டுவா?” என்றார். ஆண்பிள்ளைக்கு வந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. கழுத்து மடிப்பிலேயே கீறினால் வளர வளர மங்கிவிடும் என்று சொன்னேன். மங்காவிட்டால்தான் என்ன என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எல்லா மாற்றங்களும் இப்படி நேராகக் கை காட்டுவதில்லை. 804 போன்ற இடங்களில் நோய் நாற்பது, ஐம்பது வயதில் வரலாம், வராமலும் இருக்கலாம். அங்கே கால்சிடோனினை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஏறினால் செய்யலாம் என்று விடுகிறார்கள். பெற்றோர் விருப்பத்துக்கும் இடம் கொடுக்கிறார்கள். அந்த இடத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். வருடா வருடம் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க முடியாமல், ‘எடுத்துப் போட்டுட்டா நிம்மதி’ என்று சொல்கிற பெற்றோர் உண்டு. அது யாருடைய நிம்மதி? காத்திருந்தாலும் நோய் முந்திக்கொள்ளாது என்றால், பிள்ளைக்கு விவரம் தெரியும் வரை பொறுப்பதே சரி என்பது என் கட்சி. அதே சமயம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரக்கூடிய வீடா என்பதையும் பார்க்க வேண்டும். பஸ் காசுக்கும் ஒரு நாள் கூலிக்கும் யோசிக்கிற வீட்டில் ‘கண்காணிப்பு’ என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும்.

பிள்ளையிடம் கேட்க வேண்டுமா? சட்டம் பெற்றோரின் சம்மதத்தோடு நிற்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலர் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்வது குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு சொன்னது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. ஆராய்ச்சி என்று வந்தால் மட்டும், ஏழு வயதிலிருந்து பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இல் எழுதியிருக்கிறது. சிகிச்சைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நாலு வயதுக்கு முடிவெடுக்கத் தெரியாது, உண்மை தெரியும். ‘ஐஸ்கிரீம் வாங்கப் போறோம்’ என்று கூட்டிவந்து ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பிடுங்கிக் கொடுத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கண் விழித்ததும் அவர்கள் அம்மாவைப் பார்க்கிற பார்வை நல்ல பார்வை இல்லை. ‘கழுத்துக்குள்ள ஒண்ணு இருக்கு, அது பின்னால வம்பு பண்ணும், தூங்க வச்சு எடுப்பாங்க, முழிச்சா வலிக்கும், அம்மா பக்கத்துல இருப்பேன்’ என்று சொன்னால் அந்த வயதுக்குப் போதும்.

பத்து வயதில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பதினைந்தில் எல்லாவற்றையும். சொல்லாமல் வளர்த்த பிள்ளைகள் பதினாறு வயதில் மாத்திரையைத் தூக்கிப் போடுவார்கள். ‘எனக்கு என்ன நோய்? ஒண்ணும் இல்லாமலே ஏன் வெட்டுனீங்க?’ என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இருக்காது.

பிள்ளைக்கு அறுவை செய்வதா என்பதைவிட, சொல்வதுதான் இந்த நோயில் கஷ்டமான இடம் என்று இந்தக் குடும்பத்தோடு இருந்துதான் எனக்குத் தெளிந்தது. அந்தப் பெண்ணின் தாயைப் பற்றிக் கேட்டேன். கடைசிப் பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு எகிறி இறந்துபோனாளாம். பேறுகாலத்தில் அப்படி ஆக வேறு காரணங்கள் நிறைய உண்டு, இப்போது யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்கு முதுகு சில்லிட்டது. ஏனென்றால் இதே ரெட் மாற்றம் அட்ரினல் சுரப்பியிலும் கட்டியை உண்டாக்கும், ஃபியோகுரோமோசைட்டோமா. 634 உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு என்றைக்காவது வரும். அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தாலோ, பிரசவம் பார்த்தாலோ, ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். 1886-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் மின்னா ரோல் என்ற பதினெட்டு வயதுப் பெண் இப்படி இரண்டு அட்ரினலிலும் கட்டியோடு இறந்தாள். மருத்துவ வரலாற்றில் அந்தக் கட்டியின் முதல் விவரிப்பு அவளுடையது. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து அவளுடைய உறவினர்களைத் தேடிப்பிடித்து ரத்தம் எடுத்தார்கள். உயிரோடு இருந்த நாலு பேரிடம் ரெட் மாற்றம் இருந்தது. 2007-இல் அந்தச் செய்தி வெளிவந்தது. அத்தனை காலமும் அது குடும்பத்துக்குள் யாருக்கும் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

என்னிடம் வந்தவளுக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவுக்கு இரண்டு பெண்கள். “அக்காட்ட சொன்னியா?” என்றேன். “எப்படிக்கா சொல்லுவேன்? மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் வாயத் தெறந்தா சம்பந்தமே கெட்டுப்போகும். அத்தான் என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டாரு.” அவள் பயம் பொய்யில்லை. ரிப்போர்ட்டை மொபைலில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடும் சித்தப்பாக்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆகாது.

மருத்துவரே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லலாமே என்று தோன்றும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சரியாக இதே நோய்க்கு இந்தக் கேள்வி கோர்ட்டுக்குப் போனது. 1987-இல் தாய்க்கு மெடுல்லரி அறுவை நடந்தது. மூன்று வருடம் கழித்து, வளர்ந்த மகளுக்கு அதே நோய். ‘அன்றைக்கே இது பரம்பரை என்று எச்சரித்திருந்தால் நான் சோதித்துக்கொண்டிருப்பேன்’ என்று மகள் வழக்குப் போட்டாள். பேட் – த்ரெல்கெல் வழக்கு என்று அதற்குப் பேர். எச்சரிக்கும் கடமை பிள்ளைகளின் நன்மைக்காகவும் உள்ளதுதான், ஆனால் நோயாளியிடம் சொல்வதோடு அந்தக் கடமை நிறைவேறிவிடும், உறவினர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று 1995-இல் தீர்ப்பு வந்தது. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. குறிப்பிட்ட ஒருவருக்கு அடையாளம் தெரிந்த கடும் ஆபத்து இருந்தால் விலக்கு உண்டு. மரபணுவை மனதில் வைத்து எழுதிய வரி அல்ல அது என்பது என் எண்ணம். எப்படிப் பார்த்தாலும் பாரம் வந்து இறங்குவது நோயாளியின் தலையில்தான். கழுத்தில் தையல் பிரிக்காத ஒரு பெண்ணிடம், ‘போய் உன் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடு’ என்று ஒரே வரியில் முடித்து அனுப்புவதை நான் அறமென்று ஒப்பமாட்டேன்.

மரபணு ஆலோசனை நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் உண்டு. உறவினர்களுக்குக் கொடுக்கும்படி நோயாளியின் கையில் ஒரு கடிதம் தருவார்கள். யாருக்கு நோய் என்று விலாவாரியாக இருக்காது. குடும்பத்தில் இன்ன மாற்றம் இருக்கிறது, சோதித்துக்கொள்வது நல்லது, இன்ன துறைக்கு வாருங்கள் என்று இருக்கும். கேட்டு வாங்கச் சொன்னேன், தமிழிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காப்பீட்டைப் பற்றியும் பயந்தாள். மரபணு நோய் என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று சொன்னேன். அது எல்லாத் தலைவலிக்கும் மருந்தில்லை என்றும் சொன்னேன்.

பிள்ளைக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. சில வாரங்கள் கால்சியம் கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். எடுத்த சுரப்பியில் ஊசிமுனை அளவுக்குப் புற்று தொடங்கியிருந்தது, நெறியில் இல்லை. அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டியபோது மாமனார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மார்க்கெட்டிலிருந்து ஒரு பை நிறையக் கத்திரிக்காய் கொடுத்தனுப்பினார்.

அந்த ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். “கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றாளாம் அக்கா. கல்யாணம் முடிந்தால் அடுத்தது பிரசவம். அதற்கு முன்னால் அட்ரினலைப் பார்த்தாக வேண்டும் என்பதுதான் விஷயமே. ரத்தம் எடுப்பதை ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டியதில்லை, மாற்றம் இல்லை என்று வருவதற்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று எடுத்துச் சொல்லச் சொன்னேன். அக்கா இப்போது தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். அவளுக்கு இல்லை என்று வந்தால் மகள்களுக்குத் தேவையே இருக்காது, அந்த அளவில் இது சரியான வரிசைதான். இருக்கிறது என்று வந்தால் மூத்தவளுக்குப் பத்தொன்பது வயது, சோதிப்பதும் மாப்பிள்ளையிடம் சொல்வதும் சட்டப்படி அவளுடைய தீர்மானம், தாய் தகப்பனுடையதல்ல. அதை அக்காவிடம் சொல்ல வேண்டியது நான் இல்லை, தங்கைதான். ரிசல்ட் வாங்கும் அன்றைக்குக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கூடப் போகிறேன் என்றிருக்கிறாள்.